பூஜைக்குப் போகாத கீபோர்டு

நான் பத்தாவதில் கணக்கில் தவறியவள். மறுபடி எழுதவில்லை. ஆனால் அருப்புக்கோட்டைக்கும் பந்தல்குடிக்கும் நடுவில் இருக்கிற ஒரு நூல் மில்லில் நாற்பத்து மூன்று கம்ப்யூட்டர்களைப் பத்தில் இருந்து பதினொன்றுக்கு ஏற்றிவிட்டது நான்தான். பத்து, பதினொன்று என்பது கம்ப்யூட்டருக்குள் அடியில் ஓடுகிற சாப்ட்வேரின் நம்பர். மற்ற எல்லாமே அதன் மேல்தான் ஓடும். மில்லில் யாரும் அதன் முழுப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "உங்களுது பத்தா, பதினொண்ணா?" என்றுதான் கேட்பார்கள்.

மில்லுக்கு நான் வந்தது கோன் வைண்டிங் வேலைக்கு, நூலைக் கோனில் சுற்றி எடுப்பது. அதற்கு முன்னால் மூன்று வருஷம் திருச்சுழியில் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் மனு எல்லாம் அங்கே அடிப்போம். கடையில் இருந்தது இரண்டு கம்ப்யூட்டர். வாரம் ஒரு தடவை ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். மதுரையில் இருந்து ஆள் வருகிற வரைக்கும் மனுக்காரர்கள் நிற்க மாட்டார்கள். அதனால் நானே எல்லாவற்றையும் அழித்துவிட்டு நானே திரும்பப் போட ஆரம்பித்தேன். முதல் தடவை ஒன்றரை நாள் ஆனது. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு வந்தது.

இந்த வேலைக்கு ஃபார்மேட் என்று பெயர். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டாள். உள்ளே இருக்கிறதை எல்லாம் வழித்து எடுத்துவிட்டுப் புதிதாக வளர விடுவது என்று சொன்னேன். "மொட்டை போடுறியா?" என்றாள். ஊர் முழுக்க என் மகள் கம்ப்யூட்டருக்கு மொட்டை போடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அதற்கு என்ன படிக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

மில்லில் சேர்ந்து எட்டு மாதம் கழித்து ஒரு நாள் ஷிப்ட் ஆபீஸில் பிரிண்டர் நின்றுபோனது. நான் சரிசெய்தேன். அதைப் பார்த்த சிஸ்டம் சார், மில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னை ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டார். உட்காருவது ஆபீஸில், பதிவேட்டில் மட்டும் வைண்டிங் பயிற்சியாளர். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. பிறகு சிஸ்டம் சாருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. சர்வர் ரூம் சாவியையும், பாஸ்வேர்டு எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சீட்டில் இரண்டு பாஸ்வேர்டு தப்பு.

அந்த வருஷம்தான் பத்துக்கு ஆதரவு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. அதாவது, அதன் பிறகு பத்தில் ஓட்டை விழுந்தால் யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். நூல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டுக்கு வரும்போது ஒரு மிஷின் பத்தில் இருந்தாலும் எழுதிக்கொள்ளும் என்றார்கள்.

ஜி.எம். சார் கோயம்புத்தூர்க்காரர். என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாத்தையும் நீயே மாத்தீருவியா? இல்லீன்னா மதுரைல ஒரு கம்பெனிகிட்டக் குடுத்தர்றேன். அவங்க ஆளே இங்க வந்து உக்காந்துக்குவாங்க."

"அப்ப நானு சார்?"

"நீ வைண்டிங்ல இருக்கறவதானே?"

கோபமாகச் சொல்லவில்லை. பதிவேட்டில் இருப்பதைச் சொன்னார். முடித்துக் காட்டினால் சிஸ்டம் வேலை எனக்கு, முடிக்காவிட்டால் திரும்ப வைண்டிங். நான் செய்கிறேன் என்றேன்.

முதலில் எண்ண வேண்டும். மில் கணக்குப்படி முப்பத்தெட்டு. நான் நோட்டை எடுத்துக்கொண்டு நடந்து பார்த்ததில் நாற்பத்து மூன்று. பஞ்சு குடோனில் ஒன்றின் மேல் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள். கேன் வைக்கிற ஸ்டாண்டு என்றே நினைத்திருக்கிறார்கள். அழுத்தினால் ஓடியது. எந்தக் கம்ப்யூட்டர் டப்பாவைத் திறந்தாலும் உள்ளே தலையணை மாதிரி பஞ்சு. ஒன்பது மிஷின்கள் மிகப் பழசு, பதினொன்றை ஏற்றுக்கொள்ளாது. அதற்குப் பதில் வேறு வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், வந்தன.

நோட்டில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு வரி. எங்கே இருக்கிறது, யார் உட்காருகிறார்கள், என்னென்ன சாப்ட்வேர், எவ்வளவு ஃபைல். இன்னொரு கட்டமும் போட வேண்டி வந்தது. யாரிடம் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "நீ மாத்துனப்புறம் என் ஸ்கிரீன்ல எங்க முருகன் திரும்ப வருவாரா?" அதனால் கடைசிக் கட்டத்துக்கு 'சாமி' என்று தலைப்பு எழுதினேன். பதினாறு முருகன், ஏழு அம்மன், நான்கு பேரப்பிள்ளை, ஒரு கார்.

ஆடி மாதம் அம்மாவுக்கு முடியாமல் போனது. சுகர், அப்புறம் கிட்னி. மதுரை பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தோம். நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து எந்த மிஷினை எப்போது மாற்றுவது என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டாவது மிஷின் வரைக்கும் எழுதியிருந்தபோது நர்ஸு வந்து என்னை எழுந்திருக்கச் சொன்னார். இருபத்தொன்பதாவது வரி பதினேழு நாள் கழித்துத்தான் எழுதினேன். பேனா அதே பேனாதான்.

பதினாறு முடிந்த மறுநாள் மில் வேனில் ஏறினேன். வீட்டில் இருக்க முடியவில்லை. அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக் கருவேல் வெட்டி, அடுக்கி, மண் மூடி எரித்துக் கரி எடுப்பது அவர் வேலை. அவரும் பதினேழாம் நாளே கிளம்பிவிட்டார். வேனில் வைண்டிங் அக்கா ஒருத்தி எனக்கு இடம் விட்டாள்.

"ஏன்டி, இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வரக் கூடாதா?"

"வேலை கிடக்குக்கா."

"ஆமா, கிடக்கும். முடிக்காட்டி எங்ககூடத்தான வரப் போற? ஒன் மிஷினு அப்படியேதான் இருக்கு. தொடச்சு வச்சிருக்கேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் மடியில் இருந்த நோட்டைத் திறந்துகொண்டேன்.

முதலில் டைம் ஆபீஸில் மூன்று மிஷினை மட்டும் சோதனைக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் டைம் ஆபீஸ் சார் கூப்பிட்டனுப்பினார். மில்லில் ரொம்ப வருஷமாக இருக்கிறவர், வருகைப் பதிவும் நோட்டீஸும் அவர் பொறுப்பு. ஸ்கிரீனில் அவருடைய லீவு நோட்டீஸ் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக நின்றது. பழைய தமிழ் ஃபாண்டை நான் போட மறந்துவிட்டேன். அது இல்லாவிட்டால் பழைய தமிழ் ஃபைல் எல்லாம் இப்படித்தான் தெரியும்.

"என்னம்மா இது, நம்மூர்க்காரன் படிக்கவா, செவ்வாய்க் கிரகத்துக்காரன் படிக்கவா?"

ஃபாண்டைச் சேர்த்தேன். இனி அடிப்பதற்குப் புதுத் தமிழ் எழுத்தையும் போட்டுக் கொடுத்தேன். இப்படி எல்லாம் சரியான ஒரு மிஷினை மாஸ்டர் என்று வைத்து, அதைச் சர்வரில் நகல் எடுத்து வைத்தேன். இனி ஒவ்வொரு மிஷினையும் ஆன் செய்யும்போது ஒரு பட்டனை அழுத்தி 'சர்வரில் இருந்து எடு' என்று சொன்னால் போதும். மீதியைத் தானே போட்டுக்கொள்ளும். ஒரே நேரத்தில் எட்டு மிஷின்தான் சர்வர் தாங்கும்.

பிரச்சினை நாள்தான். மில் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. ஒரு மிஷினை நிறுத்தினால் அங்கே கத்துவார்கள். தீபாவளி வரைக்கும் பொறுக்க முடியாது, பத்தின் ஆதரவு அதற்குள் முடிந்துவிடும். தினசரிக் காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தால் மொத்த மில்லும் நிற்கிற நாள் ஒன்றுதான். ஆயுத பூஜை. அன்று காலையில் பூஜை முடிந்ததும் மில்லை நிறுத்துவார்கள். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மறுபூஜை போட்டுத்தான் ஷிப்ட் தொடங்கும். ஜி.எம். சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் டைம் ஆபீஸ் சாரையும் எடைமேடை பாயையும் கூப்பிட்டார். பாய் பன்னிரண்டு வருஷம் சவுதியில் ஸ்டோரில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது லோடு லாரி எடை போடுகிறார்.

"பூஜை போட்ட மிஷினத் தொடக் கூடாது சார்," என்றார் டைம் ஆபீஸ் சார். "நான் வந்த நாள்ல இருந்து அன்னைக்கு ஒரு ஸ்பேனரக் கூட எவனும் தொட்டதில்ல."

"பூஜைக்கு முந்தியே பண்ணீரலாமுங்களா?" என்றார் ஜி.எம்.

"முந்தி மில்லு ஓடுது சார்," என்றேன்.

"சரி, அப்பறம்?"

"அப்பறமும் ஓடும் சார்."

பாய் தாடியைத் தடவினார். "ஆக, அந்த ஒரு நாளத் தவிர வேற நாளு இல்ல. அந்த நாளுலயும் தொடக் கூடாது. நல்ல பிளானு."

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம். "சார், கை படுறதுதான ஆயுதம்? ஆசாரி வீட்டுல உளியையும் ரம்பத்தையும்தான பூஜைக்கு வைக்கிறாக? பட்டறைய யாரும் வைக்கிறது இல்லையே? இதுல கை படுறது கீபோர்டும் மவுசும்தான். டப்பா காலுக்கடியில கிடக்கு."

டைம் ஆபீஸ் சார் யோசித்தார். "அதுவும் சரிதான். கால் படுற சாமானுக்குச் சந்தனம் வைக்கிறதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

"மானிட்டருங்க?" என்றார் ஜி.எம்.

"அது பாக்குறதுக்கு சார். தொடுறதுக்கு இல்ல."

அப்படியே முடிவானது. கீபோர்டும் மவுசும் பூஜைக்கு. டப்பாவும் மானிட்டரும் எனக்கு. ஜி.எம். என் நோட்டில் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது டைம் ஆபீஸ் சார் சொன்னார், "ஒனக்கு இந்த வருசம் பூஜை கிடையாதும்மா. துக்க வீடு. அதனால நீ வேலை செஞ்சாலும் தப்பில்ல." லீவு விதியைச் சொல்வது மாதிரி, அன்பாகத்தான் சொன்னார்.

ஆயுத பூஜை அன்று காலையில் அவரே ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பை எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். கோன் போடுகிற டப். ஒவ்வொரு கீபோர்டின் முதுகிலும் எந்த டிபார்ட்மெண்ட் என்று டேப் ஒட்டி மவுசோடு உள்ளே போட்டார். எடைமேடைக்கும் போனார்.

"சார், எனக்குப் பூஜை இல்லையே," என்றார் பாய்.

"ஒங்களுக்கு இல்ல பாய். கீபோர்டு மில்லோடது."

கடைசியில் என் மேஜைக்கு வந்தார். என் கீபோர்டைக் கையில் எடுத்துவிட்டார். வயரைச் சுற்றும்போதுதான் நினைவு வந்திருக்கும். என்னைப் பார்த்தார். வயரைப் பிரித்து, இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே வைத்தார். வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தார். அதில் தூசி இல்லை, முந்தின நாள்தான் துடைத்திருந்தேன்.

பூஜை நடக்கும்போது நான் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். மணிச் சத்தம் கேட்டது. பூசணிக்காய் உடைகிற சத்தமும் கேட்டது. ஹாலில் நாற்பத்திரண்டு கீபோர்டும் வாழை இலையில் வரிசையாக இருந்ததாகவும், ஸ்பேஸ் பட்டனில் சந்தனமும் எண்டர் பட்டனில் குங்குமமும் வைத்ததாகவும் பாய் வந்து சொன்னார். கையில் பொரிப் பொட்டலம்.

"ஒனக்கும் சேத்து வாங்கிட்டு வந்தேன். நீ சாப்பிடலாமா, இல்ல அதுவும் கூடாதா?"

"தெரியல பாய்."

"அப்பச் சாப்பிடு. தெரியாமச் செஞ்சாத் தப்பில்ல."

மதியம் மில் காலியானது. ஸ்பிண்டில் சத்தம் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும். பாய் எனக்குத் துணையாக இருந்தார். எப்படியும் அவருக்கு வேலை நாள்தான் என்றார். குவாலிட்டி ரூமில் முதல் மிஷினை ஆன் செய்தேன். ஸ்கிரீன் வந்தது. பட்டனை அழுத்தக் கையை நீட்டினேன். கை மேஜையில் பட்டது.

கீபோர்டு இருந்த இடம் காலி. மூன்று மாதம் நோட்டுப் போட்டுத் திட்டம் எழுதியவள் நான். கீபோர்டுகளைப் பூஜைக்கு அனுப்பும் யோசனையைச் சொன்னவளும் நான். கீபோர்டு இல்லாமல் ஒரு மிஷினையும் தொடங்க முடியாது என்று தெரிந்தவளும், அந்த மில்லில், நான் ஒருத்திதான்.

டைம் ஆபீஸ் சாருக்குப் போன் போட்டேன்.

"எடுக்கக் கூடாதும்மா. ஹால் சாவி எங்கிட்டதான் இருக்கு. நான் குடுத்தாலும் நீ எடுக்க மாட்ட."

உண்மைதான், எடுத்திருக்க மாட்டேன். அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டோம். "பூஜை போட்டுக் கடைய அடைச்சாச்சு, நாளன்னிக்கு வாங்க" என்றார்கள். பாய் தன் மச்சானுக்கு அடித்தார். மச்சான் கடை திறந்துதான் இருந்தது. ஆனால் அது செருப்புக் கடை.

பாய் போனைப் பையில் போட்டார். "ஏம்மா, ஒன்னோடது எங்க?"

என்னுடையது என் மேஜையில் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு மிஷினில் சொருகி, ஆன் செய்து, பட்டனை அழுத்தி, பாஸ்வேர்டு அடித்து, ஓடத் தொடங்கியதும் பிடுங்கி அடுத்ததற்கு. வயர் குட்டை, ஒவ்வொரு மேஜைக்கும் கீழே முட்டி போட்டுப் புக வேண்டும். எட்டு மிஷினைத் தொடங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முதல் மிஷின் நின்றிருந்தது. இடையில் அது தானே ஆஃப் ஆகி ஆன் ஆகும். ஆன் ஆனதும் ஸ்கிரீனில் ஒரு வரி காட்டியது. நான் படித்துப் பாய்க்குச் சொன்னேன். கீபோர்டு இல்லை, தொடர்வதற்குக் கீபோர்டில் எஃப் ஒன்று பட்டனை அழுத்தவும்.

பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கீபோர்டு இல்லன்னு அதுவே சொல்லுது. அப்புறம் அதுல அமுக்கச் சொல்லுது. சவுதியில எங்க மேனேசரு இப்படித்தான்."

நாற்பத்து மூன்றில் பாதி இப்படி நிற்கும் என்று அப்புறம் தெரிந்தது. ஒவ்வொன்றும் மூன்று தடவை. கீபோர்டு இல்லாவிட்டாலும் போ என்று சொல்லி வைக்க ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து மாற்றுவதற்குள் ஆறு மணி. பாய் ஸ்கூட்டரில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட்டார். சோதனைக்கு மாற்றிய மூன்றையும் சேர்த்து அதுவரை முடிந்தது ஒன்பது.

வீட்டில் அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். கருவேல் வெட்டிவிட்டு வந்திருந்தார். எங்கள் தெருவில் அன்று அரிவாளுக்கும் கோடரிக்கும் சந்தனம் வைக்காத வீடு எங்களுடையது. அன்று வேலைக்குப் போன ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"முடிஞ்சுச்சா?"

"ஒம்பது."

"எத்தனைல?"

"நாப்பத்து மூணுல."

எண்ணிப் பார்ப்பது மாதிரி நின்றார். "சோறு இருக்கு," என்றார். அவர்தான் வடித்திருந்தார். குழைந்திருந்தது. நான் சொல்லவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். பாய் எனக்கு முன்னால் வந்து கேட்டில் நின்றார். நான் ஒரு கட்டடத்தில் இருக்கும்போது அவர் இன்னொரு கட்டடத்துக்குப் போய், நின்றிருப்பதைப் பார்த்துக் கத்துவார். "ஏம்மா, ஸ்டோர்ல ரெண்டாவது நிக்குது!" கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "ஹாஸ்டல்ல வந்துருச்சு!" என்பார். வந்துவிட்டால் அது அழைக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் பார்த்துச் சாமியைத் திரும்ப வைத்தேன். என் மவுசின் வயர் எங்கேயும் எட்டாது, மவுசு இல்லாமல் சாமி வைப்பது சுலபம் இல்லை, பட்டன் பட்டனாகப் போக வேண்டும். ஒரு முருகன் தவறி எடைமேடைக்குப் போய்விட்டார். பாய் கண்டுகொள்ளவில்லை. "இருக்கட்டும், லோடு பாத்துக்குவாரு" என்றார்.

மூன்று மணிக்கு நாற்பத்திரண்டு முடிந்தது. கடைசியாக விட்டது டைம் ஆபீஸில் இருக்கிற வருகைப் பதிவு மிஷின். ஷிப்டுக்கு வருகிறவர்கள் கை ரேகை வைப்பது அதில்தான். அது எழுந்தால்தான் நாலு மணிக்கு மில் எழும். அதைச் சோதனைக்கு எடுக்க டைம் ஆபீஸ் சார் விட்டிருக்கவில்லை. அதனால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.

மூன்றேகாலுக்கு வேன்கள் வந்தன. மூன்றரைக்கு டைம் ஆபீஸ் சார் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். ஜி.எம். கார் வந்து நின்றது. டைம் ஆபீஸ் சார் என் பக்கத்தில் வந்து ஸ்கிரீனைப் பார்த்தார். அறுபத்து மூன்று.

"என்னம்மா, செத்துருச்சா?"

கேட்டுவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

"இல்ல சார். நிக்குது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

டப்பாவில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வட்டு ஓடினால் அது எரியும். அதைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலுக்கு மேலேயும் ஒரு நம்பரும் ஒரு விளக்கும் இருந்தன. அங்கேயும் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். நான் பொறுத்துத்தான் பார்த்தேன். பொறுப்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. இதை ஆஃப் செய்து மறுபடி தொடங்கலாமா என்று கை பரபரத்தது. செய்தால் முதலில் இருந்து ஒரு மணி நேரம். செய்யாமல் அது நின்றேபோனால் வைண்டிங்.

"சார், நல்ல நேரம் முடியப் போகுது," என்றார் ஐயர்.

டைம் ஆபீஸ் சார் ஸ்கிரீனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து நிமிசம் இருங்க. நல்ல நேரத்த நான் நோட்டுல ஏத்திக்கிறேன்."

அந்த மனிதர் இருபது நிமிஷம் என் பக்கத்தில் நின்றார். ஜி.எம். ஒரு தடவை கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். டைம் ஆபீஸ் சார் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார், நில்லுங்கள் என்பது மாதிரி. ஜி.எம்.மை அவர் அப்படிக் கைகாட்டி நான் பார்த்ததில்லை.

அறுபத்து நான்கு வந்தது. அப்புறம் எழுபத்தொன்று. அப்புறம் கடகடவென்று.

மறுபூஜை நாலே காலுக்கு நடந்தது. கீபோர்டுகள் திரும்பி வந்தன. நாலரைக்கு முதல் ஆள் கை ரேகை வைத்தார். மிஷின் அவர் பெயரைச் சரியாகத் தமிழில் காட்டியது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. மறுநாள் ஏழெட்டுப் பேர் வந்து எண்டர் பட்டன் ஒட்டுகிறது என்றார்கள். குங்குமம். ஊசியால் நோண்டி எடுத்தேன்.

ஆடிட்டு வந்து போனது. ஒரு நாள் மதியம் டைம் ஆபீஸ் சார் கூப்பிட்டார். ஜி.எம்.மிடம் இருந்து காகிதம் வந்திருந்தது.

"ஒன்னைய வைண்டிங்ல இருந்து எடுத்து சிஸ்டம்ல போடச் சொல்லிட்டாக. இரு, மாத்திருவோம்."

பதிவைத் திறந்தார். டிபார்ட்மெண்ட் மாற்றினார். படிப்பு என்ற கட்டத்தில் டிகிரி, டிப்ளமா இரண்டுதான் இருந்தது. "இதுல பத்தாவது இல்லையே" என்று மேலும் கீழும் தேடினார். கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று கிடைத்தது, அதைப் போட்டார். சேவ் கொடுத்தார். போகவில்லை. கீழே ஒரு கட்டம் சிவப்பாக நின்றது. நாமினி.

ஏதாவது ஆனால் சேர வேண்டியதை யாரிடம் கொடுப்பது என்பதற்கு ஒரு பெயர். வைண்டிங்கில் சேர்ந்தபோது கொடுத்தது. அம்மாவின் பெயர் இருந்தது. உறவு: தாய். டிபார்ட்மெண்ட் மாறினால் இதையும் மறுபடி உறுதி செய்யச் சொல்கிறது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "நாளைக்குக் கூடப் பாத்துக்கலாம்மா."

"சேவ் ஆகாது சார்."

அவர் கீபோர்டில் கையை வைத்தார். ஒரு பட்டனைத் தேடுகிற மாதிரி விரல் அங்குமிங்கும் போனது. அப்புறம் கையை எடுத்துவிட்டு, கீபோர்டை என் பக்கம் தள்ளினார். "நீயே அடிச்சிரு."

அம்மாவின் பெயரில் நாலு எழுத்து. புதுத் தமிழில் அழிக்கும்போது முதலில் கொம்போ காலோ போகும், எழுத்து நிற்கும். இன்னொரு தடவை அழுத்தினால்தான் எழுத்து போகும். ஏழு தடவை அழுத்த வேண்டியிருந்தது. இந்த எழுத்தைப் போட்டவள் நான்தான், அது எனக்குத் தெரிந்ததுதான்.

கட்டம் வெள்ளையானது. கோடு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது.

"யார் பேரும்மா போடப் போற?"

"அப்பா."

அடித்தேன். உறவு: தந்தை. சேவ் கொடுத்தேன்.

"ஆயிருச்சு சார்," என்றேன்.

"சரிம்மா. சாப்டியா?"

"இனிமேத்தான் சார்."